காலி நாற்காலி

குழந்தைகள் நலக்குழு அறையில் தமயந்தி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்கையில் இருந்த சூட்டுக் காயத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூட டீச்சர்தான் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் செய்திருந்தார். குழுத் தலைவர் ஹெலன் எதைக் கேட்டாலும் அப்பாவே பதில் சொன்னார்.

"அடுப்புல பட்டுக்கிட்டா மேடம். இல்லடி?"

தமயந்தி தலையாட்டினாள்.

ஹெலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"பெத்த அப்பன் நான். நான் எதுக்கு வெளிய போகணும்?"

"பாப்பா சொல்றத நாங்க தனியாக் கேக்கணும். அது அவளோட உரிமை. எந்திரிங்க."

தமயந்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள். வீட்டில் அவரை எதிர்த்து யாராவது ஒரு வார்த்தை பேசினால் அடுத்த நொடி பாத்திரம் பறக்கும். அம்மா உயிரோடு இருந்தவரை அப்படித்தான். இங்கே எதுவும் பறக்கவில்லை. நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம் தூரப் போனது, கதவு சாத்தப்பட்டது. கண்ணைத் திறந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவரையும் ஒருவர் எழுந்து போகச் சொல்ல முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"திரும்ப வந்துருவாரா?"

"நீ பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் உள்ள வர முடியாது. இன்னைக்கு நீ அவரோட போகவும் வேண்டாம். எங்க இருக்கணும்னு உன்னையும் கேட்டுத்தான் முடிவு பண்ணுவோம்."

"சித்தி வீடுன்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம்."

தமயந்தி நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்லேருந்து சொல்லட்டுமா மேடம்?"