திங்கட்கிழமை வரை

ஜெசிந்தாவின் தொண்டைக்கு இரண்டாம் முறை கதிர்வீச்சு கொடுக்க, எட்டு வருடங்களுக்கு முன் பட்ட கதிரைச் சதை மறந்தாக வேண்டும். மறக்கடிக்கும் ஊசியைப் போட்டு, திங்கட்கிழமை கதிர்வீச்சுக்கு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவள் நோயில் விழுந்த பிறகே சமைக்கக் கற்ற கணவன் அமலன், வழக்கம்போல் மீன்குழம்பு வைத்தான்.

முதல் வாயிலேயே அவள் கை நின்றது. "வெந்தயம் கருகிக் கசக்குதுங்க."

அமலன் தொட்டு நக்கிப் பார்த்தான். தினமும் வைக்கிற அதே குழம்புதான். "நல்லாருக்குன்னுதான எப்பவும் சொல்லுவ?"

"அப்ப தொண்டைக்குக் கரண்டு வச்சதுல ருசியே தெரியாமப் போச்சு. சும்மா சொல்லுவேன்."

அவள் நாக்குக்கு ருசி திரும்பியதற்குச் சந்தோஷப்படுவதா, இத்தனை வருடச் சமையலுக்கு வெட்கப்படுவதா என்று விளங்காமல் தட்டை எடுக்கப் போனான்.

அவள் விடவில்லை. "இருக்கட்டும். திங்கக்கிழமை கரண்டு வச்சா நாக்கு மறுபடி செத்துரும். அதுக்குள்ள உங்க சமையல் எப்படின்னு தெரிஞ்சுக்கிறேன்."