தாய்க்குப் பால் இல்லை

தேயிலை மலை வடிகானில் உரச்சாக்குக்குள் கிடந்த மூன்று பூனைக்குட்டிகளை டெல்சி தன் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாக்குக்குக் காவல் நின்ற பூனையும் சீறிக்கொண்டே பின்னால் வந்தது. குட்டிகளை நக்கியது, அணைத்துப் படுத்தது, கிட்டப் போனவர்களைப் பிறாண்டியது. ஆனாலும் குட்டிகள் மெலிந்துகொண்டே போயின.

"நான் கொழுந்து பறிக்கப் போறேங்க. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பால்மா கரைச்சு சிரிஞ்சில குடுங்க."

தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த கணவன் ஜூட் போர்வையை இழுத்து மூடினான். "புள்ள வளக்குறது தாயோட வேல. அதான் அது இருக்கே."

"நம்ம மகளுக்கும் இதத்தான் சொன்னீங்க."

"அப்பவும் சரியாத்தான் சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டி தலை தூக்கவில்லை. டெல்சி அதை மடியில் கட்டி, பூனையைக் கூடைக்குள் அமுக்கி, ஜூட்டையும் கிளப்பிக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினாள்.

"தாய்க்குப் பால் ஊறல டொக்டர். ஊசி ஏதும் போடலாமா?"

மிருக வைத்தியர் பூனையின் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"எந்த ஊசி போட்டாலும் ஊறாதும்மா. இது கடுவன், ஆண் பூனை."

 டெல்சி துவண்ட குட்டியை எடுத்து ஜூட்டின் கையில் வைத்தாள்.

"பால் இல்லாமலே அது இவ்வளவு பாத்துச்சு. ஒங்களுக்குப் பால்மா பெட்டியே இருக்குங்க."