மலைக்கு அந்தப் பக்கம்

மலையுச்சி அறையைச் சுற்றிப் பஞ்சுப்பொதியாக மூடுபனி. டெக்னீஷியன் இரண்டாவது ரிப்பீட்டரையும் இணைத்து முடித்தான். இனி மலைக்கு இந்தப் பக்கத்து டாக்ஸிகள் ரேடியோவில் பேசுவது அந்தப் பக்கமும் கேட்கும்.

"கன்ட்ரோல், கேக்குதா?"

"கேக்குது, சார்."

அந்தப் பக்கத்து கன்ட்ரோல் ரூம் பெண்ணின் குரல் பனிக்குள்ளேயே முளைத்ததுபோல் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். உலகத்தில் அந்தக் குரலைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை போலிருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டான். "இப்போ?"

"தெளிவா கேக்குது, சார்."

பதினோராவது தடவை அவளுக்குச் சலிப்புத் தட்டியது. "முதல் தடவையே நல்லாத்தானே கேட்டுச்சு. எதுக்கு சார் இத்தனை டெஸ்ட்?"

"உன் குரலைக் கேக்கத்தான்."



"டூட்டி நேரத்துல இப்படியெல்லாம் பேசக்கூடாது, சார்."

"வேற எப்போ பேசறது? வீட்ல எட்டு நாளா வாயே திறக்கமாட்டேங்கறே. இங்க கூப்பிட்டா பதில் சொல்லியே ஆகணும்னு ரூல் இருக்கு. விருந்தாளிங்க நாலு பேர் முன்னாடி உன்னைத் திட்டினது தப்புதான். மன்னிச்சுடும்மா."

கரகரத்த ஆண் குரல் ஒன்று குறுக்கிட்டது. "அண்ணே, ரெண்டு பக்கத்தையும் நீங்கதானே இணைச்சீங்க? அத்தனை டாக்ஸியும் கேட்டுக்கிட்டிருக்கோம்."

அவன் சட்டென்று மைக் பட்டனிலிருந்து விரலை எடுத்தான்.

பனிக்குள்ளிருந்து மெல்ல அவள் சிரிப்பு வந்தது.

"நாலு பேர் முன்னாடி திட்டினீங்க. நாப்பது டிரைவருங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டுட்டீங்க. போதும், பனியில பார்த்து இறங்கி வாங்க."