முப்பத்தேழரை டிகிரி

“கூட்டல் பட்டனை அமுக்குனா ரெண்டு ரெண்டாத் தாவுது. கழித்தல் பட்டனை அமுக்குனா ஒண்ணுமே நடக்கல. நான் என்னதான் செய்ய?”

செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கத்தினான் சேவுகன். அவனுக்கு முன்னால் மனைவி பொற்கொடியின் இன்குபேட்டர். உள்ளே எழுபது நாட்டுக்கோழி முட்டைகள். நாளை குஞ்சு பொரிக்க வேண்டியவை.

“கத்தாதீங்க. இப்ப எம்புட்டுச் சூடு காட்டுது?” மணமேல்குடியிலிருந்து பொற்கொடி கேட்டாள்.

“முப்பத்தொம்பது. ஏறிக்கிட்டே இருக்கு.”

“மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க. மூடியைக் கொஞ்சம் தெறந்து வைங்க. முப்பத்தேழரைதான் கணக்கு. இதே சூட்டுல கெடந்தா அம்புட்டும் உள்ளயே செத்துரும்.”

அவன் பிளக்கைப் பிடுங்கினான். மூடியை விரற்கடை அளவு திறந்து வைத்தான்.

முதல் தடவை அவள் முட்டை வைத்தபோது பாதிக்கு மேல் கூமுட்டை. பொன்னமராவதிப் பக்கம் அவர்கள் குடியிருந்த தெருவே சிரித்தது. “கோழி செய்யுற வேலையைக் கரண்டு செய்யுமாக்கும்” என்று சேவுகனும் சேர்ந்துதான் சிரித்தான். அதன் பிறகும் ஏழெட்டுப் பெண்கள் அவளை நம்பி முட்டை கொடுத்திருந்தார்கள். இதுவும் போனால் இனி ஒருத்தியும் கொடுக்க மாட்டாள்.

முட்டைகளை அடுக்கிய மறுநாளே அவள் மணமேல்குடித் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். “உள்ள இருக்க தட்டுல தண்ணி ஊத்துங்க, நம்பரைப் பாருங்க. பட்டனை மட்டும் தொட வேணாம்” என்றாள். சிரித்தவன் கையை அவள் நம்பவில்லை. அது அவனுக்குள் முள்ளாகக் கிடந்தது. போதாததற்கு, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நடவு வேலையில் போகாமலும் இருந்துவிட்டான்.

“இருக்கியா? ஏன் பேச மாட்டேங்குற?”

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு. கோபம்தான், வேறென்ன?

“இருக்கேன்” என்றாள் கொஞ்சம் கழித்து. “நேத்து வரைக்கும் நல்லா இருந்த பட்டன். நேத்து என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல. ஆயுதபூஜைன்னு டிராக்டருக்கு, மோட்டாருக்கெல்லாம் சந்தனம் வச்சேன். ஒன் மெஷினுக்கும் வச்சேன்.”

“மெஷினுக்கு எங்க வச்சீங்க?”

“மூஞ்சியிலதான். பொட்டை முதுகுலயா வைப்பாக?”

அவள் சிரிக்க ஆரம்பித்து, “ஆத்தாடி” என்று பாதியில் நிறுத்தினாள். “என்னையச் சிரிக்க வைக்காதீங்க. பட்டனைக் குனிஞ்சு பாருங்க.”

பார்த்தான். வெட்கமாக இருந்தது. அவள் மனம் குளிரட்டும் என்று அவன் குழைத்து அப்பிய சந்தனம் பட்டன் இடுக்கில் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது. கூட்டல் பட்டன் அமுங்கியபடியே நின்றது.

“தண்ணிய ஊத்திக் கழுவிரவா?”

“ஐயோ, வேணாம்! நாலு திருகாணி இருக்கும், கழட்டுங்க. பழைய பல் பிரஷ்ஷால சந்தனத்தைச் சுரண்டுங்க.”

சுரண்டினான். பொடி உதிர உதிர, பட்டன் ‘டிக்’ என்று எழுந்தது. அந்த நேரம் பார்த்து, அவள் பக்கத்தில் யாரோ ஒரு பெண், “போதும், போனை வையி!” என்று அதட்டுவது கேட்டது. மாமியாராகத்தான் இருக்கும். வீடே கோபமாக இருக்கிறது.

“ஒங்கம்மாவா?”

“அத விடுங்க. மூடியைச் சாத்திப் பிளக்கை மாட்டி, செட் பட்டனை அமுக்கிப் புடிங்க. என்ன காட்டுது?”

“முப்பத்தொம்பது புள்ளி ஒம்பது.”

“இப்பக் கழித்தல். ஒரு தடவ அமுக்கிட்டுக் கைய எடுத்துரணும். நான் மூணு எண்ணுனதும் அடுத்த தடவ. ஒண்ணு… ரெண்டு…”

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் சில சமயம் ஒரு யுகம் போனது. அவன் விரலைத் தூக்கியபடியே காத்திருந்தான். அவள் எவ்வளவு கோபமாக எண்ணினாலும், எண்ணட்டும். இந்த ஒரு தடவையாவது அவள் சொன்னபடியே செய்து முடித்துவிட வேண்டும். இருபத்து நாலு தடவை அமுக்கினான்.

“நின்னுருச்சு பொற்கொடி! முப்பத்தேழரை!”

“கெட்டிக்காரருதான்” என்றாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்தச் சொல்லை அவனுக்கு அவள் கொடுத்ததே இல்லை. “ரெண்டு மணி நேரம் அங்கிட்டு இங்கிட்டு நகராதீங்க. நம்பர் மாறாம இருந்தாப் போன் பண்ணுங்க.” போன் பட்டென்று அணைந்தது.

அவன் நகரவில்லை. சோறுகூடத் தின்னவில்லை. முப்பத்தேழரை முப்பத்தேழரையாகவே நின்றது. ரெண்டு மணி நேரம் முடிந்ததும் மூடியில் காதை வைத்தான். உள்ளே, ஓட்டுக்குள்ளிருந்து, மெல்லிசாக ஒரு ‘கீச்’. அப்புறம் இன்னொன்று. சேவுகன் அந்த அறையில் ஒற்றை ஆளாக நின்று கை தட்டினான்.

போனை எடுத்தது கொழுந்தியாள் இலக்கியா.

“ஒங்கக்காகிட்டக் குடு. இம்புட்டுக் கோபம் ஆகாதுன்னு சொல்லு. முட்டைக்குள்ள குஞ்சு சத்தம் போடுது!”

“கோபமா? அக்காவுக்கா?” இலக்கியா சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் கலந்திருந்தது. “பொம்பளப் புள்ள மச்சான்! டாக்டரம்மா சொன்ன தேதிக்குப் பதினஞ்சு நாள் இருக்கையிலயே இன்னிக்குக் காலையில வலி கண்டிருச்சு. சொன்னா நீங்க மெஷினப் பாதியில போட்டுட்டு ஓடியாந்துருவீங்கன்னு, பிரசவ வார்டுல படுத்துக்கிட்டேதான் அக்கா ஒங்களுக்கு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்துச்சு!”