சக்கரத்தடியில் எலுமிச்சை

முதன்முதலாகத் தன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் ‘பச்சக்’கென்று நசுங்கிய சத்தம், இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சைக்கிளின் காதில் இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜையன்றும் அந்தச் சத்தத்தோடுதான் அது தெருவில் இறங்கும். ஒரு வருஷம் சித்திரையில் ஊர்த் தெருக்களில் சைக்கிள் ஓட்டத் தடை போட்டார்கள். அன்று கொட்டகைக்குள் போனதுதான்.

ஆயுத பூஜை வந்தது. மரகதவல்லி டீச்சர் கொட்டகையைத் திறந்து, தன் சைக்கிளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, முன்சக்கரத்தடியில் ஒரு பழத்தையும் வைத்தார்.

“கிளம்பலையா அண்ணே? நசுங்கத்தானே வந்திருக்கேன்,” என்றது பழம்.

“பொறுடா. பழம் வச்சாச்சுன்னா வண்டியை எடுக்கப் போறாங்க. தடை நீங்கியிருக்கும்.”

“டயர்ல காத்தே இல்லையே!”

“அடிச்சுக்குவாங்க. நீ உருளாம இரு, போதும்.”

டீச்சர் சூடம் காட்டினார். சீட்டின்மேல் சற்று நேரம் கை வைத்திருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வலிக்கும் முழங்காலோடு கடைத்தெருவுக்கு நடந்தார்.

“அண்ணே, ஒரு அடி நகரக் கூடாதா? வாடிச் சாகவா வந்தேன்?”

சைக்கிள் முக்கிப் பார்த்தது. துருப்பிடித்த சங்கிலி அசையவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு, கறுத்துச் சுருங்கிக் கிடந்த பழத்தைப் பெருக்கித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் டீச்சர் புதுப் பழம் ஒன்றை வைத்தார்.