மூணாவது படி

"எழுதுனது நீதானேம்மா? அப்ப நீயே பதில் சொல்லு."

பால்ராஜ் மெஷின் கையேட்டைச் சுகன்யாவின் முன்னால் பொத்தென்று போட்டார். குரங்கணிச் சரிவில், பறித்த ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோர் அவருடையது. விறகு அடுப்பைத் தூக்கிவிட்டு, செல்போன் செயலியில் ஓடும் புது உலர்த்தும் மெஷின் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் இரண்டு லோடு காய் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துப் போனது. இந்தப் பறிப்பின் கடைசி லோடு ஈரத்தோடு காத்திருந்தது. இதுவும் வெளுத்தால் போடி ஏலத்தில் ஒருத்தனும் சீண்டமாட்டான்.

மெஷின் கம்பெனிக்காகக் கையேட்டை எழுதிய சுகன்யாவுக்கு, பாவம், தலை சுற்றியது. காலையிலிருந்து மூன்று முறை ஒவ்வொரு படியாகச் செயலியோடு ஒத்துப் பார்த்துவிட்டாள். பட்டன் சரி, படம் சரி, மெஷினும் சரி. பிறகு எப்படி வெளுக்கும்?

"அண்ணே, மூணாவது படியில போட்டிருக்கிற மாதிரிதானே வச்சீங்க?"

"அப்படியேதான் வச்சேன். எடுத்த எடுப்புல அறுபத்தஞ்சு டிகிரி. ஈரம் போற ஜன்னலையும் சாத்திட்டேன்."

"விறகு அடுப்புலயும் இப்படித்தானா?"

"அதுல நான் வைக்கிற பக்குவமே வேற. மெஷினுக்கு இதுதான் போலன்னு நம்பிட்டேன். ஏலக்காயைக் கண்ணால பார்க்காத எந்தக் கூறுகெட்டவன் உனக்கு இதைச் சொன்னான்?"

சுகன்யாவுக்குச் சுருக்கென்றது.

"நானா எழுதல அண்ணே. எந்தப் படிக்கு என்ன ஆதாரம்னு சேத்து வைக்கிறது எங்க வழக்கம். இதைப் போன வருஷம் எங்க ஆபீஸ் பிரதீப் போன்ல கேட்டிருக்கார். இந்த மலையிலயே பச்சை மாறாம நல்லா காயவைக்கிற ஸ்டோர்க்காரராம். பேரைக் குறிக்க விட்டுட்டார், ஆனா பேசுனது பதிவு இருக்கு."

"போடு. அந்த மகராசன் யாருன்னு பார்ப்போம்."

பால்ராஜின் மனைவி வேலுத்தாய் டீ டம்ளர்களோடு வந்து நின்றார். சுகன்யா செல்லைத் தட்டினாள்.

'எடுத்ததும் அறுபத்தஞ்சு வையுங்க தம்பி. ஜன்னலை மட்டும் தொறந்துராதீங்க, காய் கெட்டுரும்.'

பால்ராஜ் மெல்லக் கையேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சுகன்யா ஒன்றும் புரியாமல் அவரையும் செல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நீங்க பேசுனதுல்ல?" என்றார் வேலுத்தாய். "நம்ம பக்குவத்தைத் தெரிஞ்சுக்க எவனோ ஆள் விட்டுக் கேக்குறான், தப்புத் தப்பாச் சொல்லி அனுப்பிட்டேன்னு அன்னைக்கு அம்புட்டுச் சிரிச்சீங்களே."