பின்னந்தலையில் வைத்த பொட்டு

1964இல் பம்பாயில் தேவநாதன் இறந்துபோனார். மேடையில் கோல் அசைத்து, மேற்கத்திய இசைக்குழு ஒன்றை வெகுகாலம் நடத்தியவர். பொங்கலுக்குச் செஞ்சிக் கடைத்தெரு வீட்டுக்கு வரும்போதெல்லாம் மனைவி ஜானகியிடம், "அங்க எனக்கு சங்கீதத்தைத் தவிர யாருமில்ல" என்பார். அவள் அதை நம்பித்தான் காத்திருந்தாள்.

இசைக்குழு அனுப்பிய ஒரே படத்தில் அவருடைய முதுகுதான் தெரிந்தது. அவருக்கு எதிரே வாசிப்பவர்கள். முன்வரிசையில் வயலினோடு ஒரு பெண்.

கருமாதியன்று அந்தப் படத்துக்கு மாலை போட்டார்கள். நாத்தனார் ஜெயம் குங்குமத்தோடு தயங்கினாள்.

"இன்னா அண்ணி, நெத்தியே காணோம். பொட்டை எங்க வெக்கிறது?"

"உங்கண்ணன் என்னிக்கு எனக்கு மூஞ்சியக் காட்டினாரு? பின்மண்டையிலயே வை."

ஜெயம் அங்கேயே வைத்தாள்.

மறுநாள் காலையில் பொட்டு அங்கே இல்லை. வயலின் பெண்ணின் நெற்றியில் இருந்தது.

"பல்லி கில்லி இழுத்திருக்கும் அண்ணி" என்றாள் ஜெயம், படத்தைப் பார்க்காமல்.

ஜானகி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. பொட்டு கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. துடைக்கத் துடைக்கக் கண்ணாடிதான் பளபளத்தது. அதில், பொட்டுக்குப் பக்கத்தில் ஜானகியின் வெறும் நெற்றி தெளிவாகத் தெரிந்தது.